முகவரியுள்ள மீன்கள்

தேற்றாத்தீவு கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்கரையில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் வந்தால் மாங்காட்டைத் தாண்டியதும் தேற்றாத்தீவு, அதை அடுத்துக் களுதாவளை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் என்றாலும் இந்த மணலில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர் அடுக்காக நிற்கிறது. வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய், கத்தரித் தோட்டத்துக்கும் இறைப்பது அதைத்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது கரையோரக் கிணறுகளில் அந்த அடுக்கு குலைந்தது. மழைக்காலங்கள் கடந்த பிறகே தண்ணீர் மெல்லத் தேறியது.

இந்தப் பக்கத்துக் கிணறுகளிலும் வடிகான்களிலும் கப்பி மீனைக் காண்பது புதுமையல்ல. விரல் நுனியளவு ஆண், அதைவிடப் பெரிய சாம்பல் நிறப் பெண். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று ஒரு வீட்டார் கொண்டுவந்து விட்டிருப்பார்கள், அல்லது சுகாதாரப் பகுதியினர் விட்டிருப்பார்கள். நாளடைவில் அது எப்போதும் இங்கேயே இருந்த மீன் போலாகிவிட்டது. அதன் சொந்த இடம் வெனிசுவேலா, கயானா, டிரினிடாட். 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் வெனிசுவேலாவின் மீன்களை வைத்து அதை விவரித்தார். டிரினிடாட்டிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகளை அனுப்பிய றொபேட் ஜோன் லெச்மியர் கப்பியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

இலங்கைக்குள் கப்பி வந்தது 1928இல், நுளம்பை அடக்கும் எண்ணத்தில். அதற்குச் சில ஆண்டுகளில், 1934-35இல், இந்த நாட்டின் மிகக் கொடிய மலேரியாப் பெருநோய் வந்து ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. பிறகு டீடீற்றீ தெளித்து 1963இல் நோயாளர் தொகையை வெறும் 17ஆகக் குறைத்ததும், கவனம் தளர்ந்ததும் நோய் மீண்டும் எழுந்ததும் நாம் அறிந்த கதை. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற புதிய நுளம்பு கிணறுகளில் இனம்பெருக்குவது கண்டுபிடிக்கப்பட்டது. உடனே தேடப்பட்டது கப்பிதான். மன்னார்க் கிணறுகளுக்குள் அது விடப்பட்டது.

இவ்வளவு நம்பிக்கை வைத்த மீனைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கிணற்றுக் கப்பி எந்த ஆற்றின் கப்பி? கேட்டாலும் விடை கிடைக்காது. கடைத் தொட்டி, பண்ணைக் குளம், பக்கத்து வீட்டுப் போத்தல் என்று கைமாறி வந்த மீனுக்கு முகவரி இல்லை. இந்தக் கட்டுரை அந்த முகவரியைப் பற்றியது. கப்பியின் தூரத்து உறவினர் சிலருக்கு மெக்சிக்கோவில் உயிர் பிழைக்கக் காரணமாக இருந்ததே அந்த முகவரிதான்.

கப்பியைப் போலக் குட்டி போடும் நன்னீர் மீன்கள் மெக்சிக்கோவில் ஏராளம். நம் மீன்கடைகளில் கிடைக்கும் மோலி, பிளாட்டி, வாள்போல நீண்ட வாலுடைய சுவோட்டெயில் எல்லாவற்றின் வேரும் அங்கேதான். சுவோட்டெயிலை ஒஸ்திரியத் தாவரவியலாளர் கார்ல் ஹெல்லர் மெக்சிக்கோவில் பிடித்து அனுப்ப, 1848இல் ஜேகொப் ஹெக்கல் அதை விவரித்து ஹெல்லரின் பெயரையே இட்டார். ஆனால் கடையில் நாம் வாங்கும் சிவப்புச் சுவோட்டெயில் ஹெல்லர் பார்த்த மீன் அல்ல. காட்டு மீன் பச்சை கலந்த உடலில் ஒரு சிவப்புக் கோடு கொண்டது. முழுச் சிவப்பு பிளாட்டியோடு கலந்து பிறந்த நிறம். அலங்கார மீன் வளர்ப்பில் இந்த இனங்கள் பல தலைமுறையாகக் கலந்துவிட்டன. அழகுக்காகச் செய்த கலப்பில் குற்றமொன்றும் இல்லை என்று பலர் நினைப்பார்கள். மைரன் கோர்டனின் ஆய்வைப் படித்தவர்கள் அப்படி எளிதில் நினைக்க மாட்டார்கள்.

கோர்டன் அமெரிக்க மரபியலாளர். பிளாட்டிகளில் சில கரும்புள்ளி கொண்டவை. அந்தப் பிளாட்டியைச் சுவோட்டெயிலோடு சேர்த்து, பிறந்த கலப்பினத்தை மீண்டும் சுவோட்டெயிலோடு சேர்த்தால் குட்டிகளில் ஒரு பகுதிக்குக் கரும்புள்ளி புற்றாக வளர்ந்துவிடும். இதை 1920களின் இறுதியில் ஜேர்மனியில் கேட் கொஸ்விக்கும் கண்டிருந்தார். காரணம் பின்னர் தெளிவானது. பிளாட்டிக்குள் புற்றைத் தூண்டக்கூடிய ஒரு மரபணுவும் அதை அடக்கி வைக்கும் இன்னொன்றும் சேர்ந்தே இருக்கின்றன. சுவோட்டெயிலில் அந்த அடக்கி இல்லை. கலப்பில் இரண்டும் பிரிந்துபோனால் தூண்டி மட்டும் தனியே நின்று வேலை செய்கிறது. ஓர் ஆற்றின் மீன் தனக்குள் நெடுங்காலமாகத் தீர்த்து வைத்திருந்த கணக்கை நாம் ஒரே கலப்பில் குலைத்துவிடுகிறோம்.

இதை ஆராய வேண்டுமானால் கலப்பற்ற மீன் வேண்டும். கோர்டன் மெக்சிக்கோவுக்குப் போய் ஆறு ஆறாகப் பிடித்தார். 1939இல் வெராக்ரூஸ் மாநிலத்து ஹமாப்பா (Jamapa) ஆற்றிலிருந்து எடுத்த பிளாட்டி வழித்தோன்றலுக்கு ஆற்றின் பெயரிலிருந்து ஜேபி 163 ஏ என்று அடையாளம் இட்டார்கள். அந்த வழி இன்னும் உயிரோடிருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மரபு இருப்பு நிலையத்தில் தலைமுறை தலைமுறையாகத் தனித்தே வளர்க்கப்படுகிறது. 2013இல் பிளாட்டியின் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டபோது வாசிக்கப்பட்டது இந்த வழியைத்தான். தொட்டிச் சுவரில் ஒட்டிய ஒரு சிறு சீட்டு முக்கால் நூற்றாண்டு வேலையைத் தாங்கி நின்றிருக்கிறது.

மெக்சிக்கோவின் குட்டி போடும் மீன்களில் என் மனம் கூடுதலாகச் செல்வது வேறொரு குடும்பத்தின் பக்கம். கூடெயிட் என்பது அதன் பெயர். ஸ்மித்சோனியனில் பணியாற்றிய மீனியலாளர் ஜோர்ஜ் பிரவுன் கூட்டின் நினைவாக 1880இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன் இட்ட பெயரிலிருந்து வந்தது. நாற்பது வரையான இனங்கள், பெரும்பாலும் மெக்சிக்கோவின் நடு மேட்டுநிலத்தில், லெர்மா, அமேகா, பல்சாஸ் ஆற்றுப் படுகைகளின் ஊற்றுகளிலும் ஏரிகளிலும் வாழ்பவை. குட்டி போடுவதில் கப்பிக்கும் இவற்றுக்கும் ஒற்றுமை இருந்தாலும், இரண்டும் அந்த இடத்துக்கு வெவ்வேறு பாதையில் வந்து சேர்ந்தவை.

கப்பி ஆணுக்குக் கீழ்த்துடுப்பு நீண்டு குழல்போலாகி விந்தைச் செலுத்தும். கூடெயிட் ஆணுக்கு அந்தக் குழல் இல்லை. கீழ்த்துடுப்பின் முன்கதிர்கள் குறுகி, மீதியிலிருந்து ஒரு வெட்டால் பிரிந்து நிற்கும். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் வயிற்றில் தேக்கி வைத்து அடுத்தடுத்துக் குட்டி போடும். பெண் கூடெயிட் அப்படித் தேக்குவதில்லை. ஒவ்வொரு ஈற்றுக்கும் ஆண் வேண்டும். கப்பிக் குஞ்சு பெரும்பாலும் முட்டைக் கருவிலிருந்த உணவிலேயே வளர்கிறது. கூடெயிட் கருவோ தாயின் சூலகத்துக்குள் மிதந்தபடி, தன் குதப்பகுதியிலிருந்து நாடாக்களை நீட்டி அவற்றால் தாய் சுரக்கும் திரவத்தை உறிஞ்சி வளர்கிறது. பிறந்த குட்டியின் பின்புறத்தில் அந்த நாடாக்களின் மிச்சம் சிறிது நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு சுருங்கி மறையும். பாலூட்டிகளுக்குக் கொப்பூழ்க்கொடி செய்யும் வேலையை இந்த மீன் தன் வழியில் தானே கண்டுபிடித்திருக்கிறது. ஈற்றில் குட்டிகள் குறைவு. ஆனால் தாயின் அளவோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் பெரியதென்றே சொல்ல வேண்டும். பிறந்தவுடன் தன்பாட்டில் நீந்தி இரைதேடும்.

இந்த வேறுபாட்டில்தான் இரண்டின் விதியும் இருக்கிறது. சூலுற்ற ஒரே ஒரு பெண் கப்பி ஒரு போத்தலில் வந்து சேர்ந்தாலும் கிணறு நிறைந்துவிடும். அது வெப்பம் தாங்கும், உவர் தாங்கும், அழுக்கும் தாங்கும். கூடெயிட் ஒவ்வொரு குட்டிக்கும் மிகுதியாகச் செலவழிக்கும் மீன். தெளிந்த ஊற்றும் நிலையான கரையும் இருந்தால் அந்தச் செலவு பலன் தரும். ஊற்றைத் தோட்டத்துக்கு இறைத்தாலோ, கழிவு கலந்தாலோ, வேற்றுமீன் புகுந்தாலோ மாற்றிடம் தேட அதற்கு வழியில்லை. உலகின் மறுகோடிக் கிணறுகளில் ஒன்று பெருகிக்கொண்டிருக்க, மற்றது தன் ஒரே ஊற்றில் அழிந்துகொண்டிருப்பது தற்செயலல்ல.

ஹலிஸ்கோ மாநிலத்தில் டெக்கிலா எரிமலையின் அடிவாரத்தில் டெயுச்சித்லான் என்ற ஊர் இருக்கிறது. ஊரின் ஊற்றுகள் திரண்டு ஓர் ஆறாகின்றன. அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு கூடெயிட்டை 1998இல் ஷேன் வெப்பும் றொபேட் ரஷ் மில்லரும் விவரித்து, எரிமலையின் பெயரால் சூகோனெட்டிகஸ் டெக்கிலா என்று அழைத்தார்கள். ஆணின் வால் ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை ஒளிரும். பெயர் கிடைத்த காலத்திலேயே அது இயற்கையில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. பிறகு ஒரு சிறு ஊற்றுக் குட்டையில் சில மீன்கள் ஒதுங்கி இருந்தது தெரியவந்தது; அதுவும் விரலால் எண்ணக்கூடிய எஞ்சியிருப்பு. ஆற்றில் விடப்பட்ட வேற்றிட மீன்களும் மாசும் மீதியை விழுங்கியிருந்தன. அந்த வேற்று மீன்களுக்குள் குட்டி போடும் மீன்களும் உண்டு என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

மீனைக் காத்தவர்கள் வளர்ப்பாளர்கள். ஐரோப்பாவில் கூடெயிட் வளர்ப்போர் சிலர் டெயுச்சித்லான் மீனைத் தொட்டிகளில் கலப்பின்றிப் பேணி வந்திருந்தார்கள். 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிச்சாலையிலிருந்து ஐந்து சோடி மீன்கள் மெக்சிக்கோவுக்குத் திரும்பின. மொரேலியா நகரிலுள்ள மிச்சோவாக்கான் பல்கலைக்கழகத்தில் அவற்றை ஏற்றுக்கொண்டவர் ஒமார் டொமிங்கெஸ். ஐந்து சோடியிலிருந்து கூட்டம் பெருகிற்று. ஆனால் கண்ணாடித் தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனை அப்படியே ஆற்றில் விட்டால் அது பிழைக்காது. உணவு தானாகக் கையிலிருந்து விழும் என்றிருக்கும், கொன்று தின்னும் மீனை அது கண்டதேயில்லை, ஒட்டுண்ணியையும் அறியாது. ஆகவே நாற்பது ஆணும் நாற்பது பெண்ணும் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளிக் குளத்தில் விடப்பட்டன. ஏற்ற இறக்கமான உணவு, எதிரிகள், ஒட்டுண்ணிகள் எல்லாம் அங்கே இருந்தன. நான்கு ஆண்டுகளில் கூட்டம் ஏறத்தாழ 10,000 ஆயிற்று. அதே வேளையில் டெயுச்சித்லானில் ஊரவரோடு சேர்ந்து ஊற்றைச் சுத்தப்படுத்தி வேற்று மீன்களை அகற்றும் வேலை நடந்தது. 2017 நவம்பரில் 1,500 மீன்கள் தம் ஊற்றுக்குத் திரும்பின. அவை அங்கே இனம்பெருக்கி ஆற்றில் பரவின. அதே ஊற்றின் இன்னொரு மீனான பொன்னிற ஸ்கிஃபியாவும் இயற்கையில் முற்றாக மறைந்திருந்தது. தொட்டிகளில் மட்டும் உயிர்வாழ்ந்தது. 2022 நவம்பரில் அதுவும் ஏறத்தாழ 1,200 மீன்களாக வீடு திரும்பியது.

இந்த வெற்றியின் அடியில் இருப்பது அந்தச் சீட்டுத்தான். கூடெயிட் வளர்க்கும் ஒழுங்கான ஒருவர் மீனின் இனப்பெயரோடு பிடித்த ஊற்றின் பெயரையும் எழுதி வைப்பார், ஆண்டையும் எழுதுவார். ஒரே இனம் என்று சொல்லப்பட்டாலும் வெவ்வேறு ஊற்றின் மீன்களை ஒரு தொட்டியில் கலக்க மாட்டார். செந்நிற வாலுடைய செனோடோகா எய்செனியைப் பாருங்கள். 1896 முதல் அது ஒரே இனம். 2016இல் டொமிங்கெஸும் இணை ஆய்வாளர்களும் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: தெபிக் பக்கத்து மீன் பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்டது, மற்றவை டோடிரியோய், லயோன்ஸி ஆயின. தம் தொட்டியில் சான் மார்கோஸ் என்று ஊர் எழுதி வைத்தவர்கள் அன்றைக்கே அறிந்துகொண்டார்கள், தம்மிடம் இருப்பது டோடிரியோய் என்று. ஊர் எழுதாமல் எய்செனி என்று மட்டும் எழுதியவர்களுடைய மீன்கள், எத்தனை நூறாக இருந்தாலும், ஓர் ஆற்றுக்கும் திரும்பத் தகுதியற்றவையாயின. கலந்திருந்தால் அவை எந்த இனமும் அல்ல.

அப்படியானால் நாமும் ஒரு கூடெயிட்டை வருவித்து இங்கே வளர்க்கலாமா? என் விடை இல்லை என்பது. முதற்காரணம் வெப்பம். இந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி உயர்ந்த மேட்டுநிலத்தில் வாழ்வது. மெக்சிக்கோவின் பாட்ஸ்குவாரோ ஏரி 2,000 மீற்றருக்கு மேல், நம் நுவரெலியாவையும்விட உயரம். பல இனங்களுக்கு ஆண்டில் சில மாதக் குளிர் வேண்டும். ஓய்வில்லாமல் வெந்நீரில் ஈன்றால் பெண்கள் களைத்துச் சீக்கிரம் மடியும். சித்திரை வெயிலில் எங்கள் தொட்டி நீர் முப்பது பாகையைத் தாண்டும். குளிரூட்டி வைத்தால் முடியும் என்று பணமுள்ளவர் சொல்லலாம். ஆனால் வாவிக்கரையில் ஒரு வேற்றுமீனைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதை எந்தக் குளிரூட்டியும் சரியாக்காது. மெக்சிக்கோவில் செய்ததை இங்கே செய்ய வேண்டுமானால் இங்குள்ள மீனுக்குச் செய்ய வேண்டும்.

அத்தகைய மீன் உண்டு. அப்லோகைலஸ் பார்வஸ் என்ற சிறு மீன், நீர்ப்பரப்போடு ஒட்டி நிற்கும், மேல்நோக்கிய வாய், தலை உச்சியில் ஒளிரும் ஒரு புள்ளி. தென்னிந்தியாவிலும் இலங்கைத் தாழ்நிலத்திலும் வாழ்வது. சற்று உவரும் தாங்கும். மதராஸின் பி. சுந்தரராஜ் 1916இல் விவரித்த மீன் இது. மேல்வாய் மீன் என்பதால் நீர்ப்பரப்பில் தொங்கும் நுளம்புக் குடம்பி அதற்கு இயல்பான இரை. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சீவெலும் சௌதரியும் 1912இலேயே நுளம்பை அழிக்கும் உள்நாட்டு மீன்களைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். கப்பியைத் தேடிப்போகும் முன்னே அறிவு இங்கேயே இருந்தது.

இதற்கு அவசரமும் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் உவர்நீர்க் குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் இனம்பெருக்குவதை 2010இல் ஜூட், தர்ஷினி, வினோபாபா, சுரேந்திரன், ராமசாமி ஆகியோர் பதிவு செய்தார்கள். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்று நெடுநாள் நம்பியிருந்ததை அந்தப் பதிவு மாற்றியது. கடல் உயர்ந்து நம் நன்னீர் அடுக்கு சுருங்கும்போது இந்த உவர்க் குட்டைகள் கூடும். அங்கே எதை விடுவோம்? கப்பியும் உவர் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கப்பி தன் சொந்த மண்ணான டிரினிடாட்டிலேயே, ஒடுங்கிய ஓடைகளில் வாழும் ஒரு கில்லி மீனின் குஞ்சுகளைத் தின்கிறது என்பது ஆய்வில் தெரிந்தது. அப்லோகைலஸும் அந்தக் கில்லி மீன் வரிசையைச் சேர்ந்ததே. வாவியோரத்தில் கப்பி பெருகிய இடத்தில் நம் சிறு மீன் என்ன ஆகிறது என்று முறையாக எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபக்கம், நுளம்புண்ணி மீன்களால் மலேரியாத் தொற்று உண்மையில் குறைகிறதா என்று உலகெங்குமுள்ள சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத்தகுந்த சான்று போதாது என்றே முடித்தது. நுளம்பை அடக்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அடைத்த கிணற்று மூடியும் வடிகான் துப்புரவும் அந்த வேலையைச் செய்கின்றன. கிணற்றுக்குள் கட்டாயம் மீன் வேண்டும் என்றால் உள்ளூர் மீனை விடலாம்.

இலங்கையில் ஊர் எழுதிக் காத்த மீனுக்கும் முன்மாதிரி இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் கலாப்பிட்டமடவில் ஒரே ஒரு சிற்றோடையில் கண்டறியப்பட்ட பெத்தியா பண்டுலா 1991இல் மோரிஸ் கொட்டலாவும் ரோஹான் பெத்தியாகொடவும் விவரித்த கெண்டைக் குஞ்சளவு மீன். அந்த ஓடையும் வயல்களுக்கும் றப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவே ஓடுவது, காட்டுக்குள் பாதுகாக்கப்பட்டதல்ல. காவல் அரசாங்க வேலியால் வரவில்லை, ஓடைக்கரையில் வாழும் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டதால் வந்தது. 1980களில் ரணில் சேனநாயக்கவும் பீற்றர் மொயிலும் தென்மேற்கு மழைக்காட்டின் சில மீன்களை மகாவலியின் மேலோடைகளில் குடியேற்றினார்கள். 1990இல் எரிக் விக்ரமநாயக்க அவற்றின் நிலையைப் பதிவு செய்தபோது சில இனங்கள் நிலைத்திருந்தன. எந்த ஓடையிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஓடையில் விடப்பட்டது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அந்த ஆய்வே சாத்தியமாயிற்று.

கிழக்கில் இந்த வேலை தொடங்கப் பெரிய பொருள் தேவையில்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. கரையோரப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் மாணவர் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தட்டு, நுண்வலை, உவர்மை அளக்கும் ஒரு சிறு கருவி, ஒரு நோட்டுப் புத்தகம். தேற்றாத்தீவு முதல் பெரியகல்லாறு வரை வாவிப் பக்கத்துக் குட்டைகளிலும் வாய்க்கால்களிலும் இருப்பவை எவை, கப்பி உள்ள இடம் எது, இல்லாத இடம் எது என்று ஊர்ப் பெயரோடு எழுதினால் போதும். அப்லோகைலஸ் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே குட்டையின் மீனை வைத்து, குட்டையின் பெயரையும் மாதத்தையும் தொட்டியில் எழுதட்டும். இரண்டு குட்டையின் மீன்களை ஒன்றாக விடக்கூடாது. தொட்டி மீனை வேறு குட்டையில் கொட்டவும் கூடாது.

கணக்கெடுக்க ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாதியும். நீர் வற்றிக் குட்டைகள் தனித்தனியே நிற்கும் அந்த நாட்களில் எந்த மீன் எங்கே என்று தெளிவாகத் தெரியும். ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் வாவி நிறைந்து முகத்துவாரம் வெட்டும் நேரம் வந்துவிட்டால், வடிகானும் குட்டையும் வாவியும் ஒரே தண்ணீராகிவிடும். அப்போது கிணற்றோரத்துக் கப்பியும் வாவியோரத்து அப்லோகைலஸும் கலந்து நிற்கும். எது எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் எழுத முடியாது.